தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கலாமா?

"லாப நோக்கமில்லாத நிறுவனம் என்கிறார்கள், ஆனால் உள்ளே எல்லோரும் சம்பளம் வாங்குகிறார்கள். அப்புறம் நான் தரும் பணத்தில் குழந்தைகளுக்கு என்னதான் போய்ச் சேரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

தாராளமாக வாங்கலாம். மிச்சப்படும் பணத்தை நிர்வாகிகள் பங்கு போட்டுக்கொள்ளத்தான் கூடாது. மிச்சமே இருக்கக் கூடாது என்றும் கிடையாது. வருமான வரி விலக்கு வாங்கிய அறக்கட்டளை, வருட வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவு செய்ய வேண்டும்; 15 சதவீதத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் நடத்துவது கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள். இடம் ஊர்ச் சமுதாயக் கூடம். நோட்டு, சாக்பீஸ், சுண்டல் எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை வராது. மீதி முழுக்கச் சொல்லித் தரும் பெண்களின் சம்பளம்தான். அந்த அக்கா வராத நாளில் கூடம் பூட்டிக் கிடக்கும். குழந்தைக்குப் போய்ச் சேர்வதே அந்தச் சம்பளம்தான் என்று சொன்னால், "அது நிர்வாகச் செலவு ஆச்சே சார்" என்கிறார்கள்.

பணம் இருப்பது போலத் தெரிவதுதான் இதைவிடப் பெரிய குழப்பம். எங்கள் பாஸ்புக்கைப் பார்த்தால் சில மாதங்களில் லட்சக்கணக்கில் நிற்கும். அதே மாதம் அலுவலகக் கரண்ட் பில் கட்டக் கையைப் பிசைந்துகொண்டு இருப்போம். காரணம், வருகிற பணம் ஒவ்வொன்றுக்கும், இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கப் பணம் தந்தது. வாங்கினோம். அதைச் சொல்லித் தர ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டதற்கு, "அது எங்கள் பட்ஜெட்டில் இல்லை" என்று பதில் வந்தது. அந்தத் தொகையில் ஐந்நூறு ரூபாயை மாற்றிச் செலவழித்தாலும், பணம் எதற்குச் செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்டுத் தரும் பயன்பாட்டுச் சான்றிதழில் அது தெரிந்துவிடும்.

கம்பெனிகள் தருவது தயவு மட்டுமில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரலிலிருந்து சட்டம். தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. ஒசூரில் ஆலை இருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள். நத்தம் பக்கத்துக் கிராமத்துக்கு அது சுற்றி வர நாளாகும்.

வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறது என்பதும் பலருடைய நம்பிக்கை. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, திண்டுக்கல் நிறுவனமாக இருந்தாலும் பணம் முதலில் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். அதில் நிர்வாகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் செலவிட முடியாது, இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனங்களிடம் வாங்கி வேலை செய்துவந்த சின்னவர்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் அடி.

80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்க உதவும் ரசீது, கொடுத்தால் மொத்தப் பணமும் திரும்பி வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு நீங்கள் 10,000 ரூபாய் தந்தால், பாதி, அதாவது 5,000 ரூபாய், உங்கள் வரிக்குரிய வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதனால் கேளுங்கள். தணிக்கை அறிக்கை கேட்டால் தரத் தயங்கும் இடத்துக்குப் பணம் தராதீர்கள். ஆனால் "நூற்றுக்கு நூறும் குழந்தைகளுக்கே" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள். வாடகையும் சம்பளமும் எங்கிருந்து வருகின்றன என்று.

நம்பிக்கை வந்து கொடுப்பதானால், பிறந்தநாளுக்கு ஒருவேளை பிரியாணி என்று தலைப்புப் போட்டுத் தராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே விடுதிக்கு மூன்று பேர் சாப்பாடு கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். "பொதுச் செலவுக்கு" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், எங்களுக்கு அதுதான் கிடைக்காத பணம்.