வீட்டில் கஜு கத்லி செய்தால் ஒருமுறை கல்லாகிறது, மறுமுறை களியாகிறது. எங்கே பிழைக்கிறது?

எனக்கும் இதே வரிசையில்தான் நடந்தது. முதலில் கல், அடுத்து களி. மூன்றாவது தடவைதான் தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி வந்தது.

கல்லானதற்குக் காரணம் எங்கள் வீட்டு எள்ளுருண்டை. சின்ன வயதிலிருந்து அம்மா பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன்: தண்ணீர்க் கோப்பைக்குள் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினால் திரண்டு நிற்க வேண்டும். அதைத்தான் 'பதம்' என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். கத்லிக்கும் அப்படியே காய்ச்சினேன். கஜுப் பொடியைக் கொட்டிக் கிளறி, தாச்சியை இறக்குவதற்குள் இறுகிவிட்டது. அம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்னகா புள்ள இது, ஓட்டுத்துண்டு மாதிரிக் கிடக்கு" என்றா.

கத்லிக்கு ஒற்றைக் கம்பிப் பதம் போதும். சீனி கரைந்து கொதித்து, நடுத்தர நெருப்பில் மூன்று நான்கு நிமிடம் போனதும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சொட்டைத் தொட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு மெல்லிய நூல் வந்து அறுந்தால் அதுதான் இடம். உடனே நெருப்பைக் குறைத்துப் பொடியைப் போட்டுவிட வேண்டும். பாகு தாச்சியில் நிற்கும்போதே மேலும் மேலும் இறுகும், போனில் யாராவது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம்.

நான் எடுக்கிற அளவு 250 கிராம் கஜு, 125 கிராம் சீனி, கால் கோப்பைக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர். இனிப்புக் கூட வேண்டுமென்றால் சீனியை 150 வரை ஏற்றலாம்.

இன்னொரு விஷயம். இந்தியக் குறிப்புகளில் கஜுவுக்கு 'முந்திரி' என்றிருக்கும். எங்கள் ஆட்களுக்கு முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கிற திராட்சைதான் நினைவுக்கு வரும். என் சின்னம்மா அப்படி ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, முந்திரிகைப் பழத்தை எப்படிப் பொடியாக்குவது என்று போன் எடுத்தே கேட்டா! கஜு என்ற சொல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது, மரமும் அவர்களோடுதான் பிரேசிலில் இருந்து ஆசியாவுக்கு வந்தது.

சரி, கஜுவுக்கு வருவோம். பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட பக்கற்று வேண்டாம். பச்சையாக, வெள்ளையாக இருப்பது வேண்டும். வாகரைப் பக்கத்திலிருந்து தெரிந்தவர்கள் கொண்டுவருவதில் சில நேரம் மேல்தோல் இருக்கும். வெறும் தாச்சியில் நிறம் மாறாமல் மெல்லச் சூடாக்கி, துணியில் போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். கழற்றாமல் அரைத்தால் நிறம் மங்கி லேசாகத் துவர்க்கும். முழுக் கஜுவுக்குக் காசைக் கொட்டவும் தேவையில்லை. எப்படியும் பொடிக்கத்தானே போகிறோம், உடைந்தது மலிவு.

களியானது ஏன் என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. நான் இருப்பது மட்டக்களப்பு, கல்லடியில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். தீபாவளி வருவதோ மழை தொடங்குகிற நாட்களில். உப்புப் போத்தலே கசிகிற ஊரில் கஜு மட்டும் மொறுமொறுவென்று இருக்குமா? ஈரம் பிடித்த கஜுவை கிரைண்டரில் போட்டு விடாமல் ஓட்டினேன். சூடாகி எண்ணெய் விட்டது, பொடிக்குப் பதில் விழுது வந்தது. அதைப் பாகில் போட்டால் களிதான்.

இப்போது, வெயில் இருந்தால் சுளகில் பரப்பி ஒரு மணி நேரம் காயவைக்கிறேன். மழையென்றால் தாச்சியில் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பாக்கி, முழுதாக ஆறவிடுகிறேன். பிரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் அரைக்கவே கூடாது, வியர்த்துவிடும். மூன்று நான்கு விநாடி ஓட்டி நிறுத்துவது, கிளறிவிட்டு மறுபடி ஓட்டுவது, பிறகு அரிதட்டில் அரிப்பது. மிஞ்சும் குறுணியோடு ஒரு கரண்டி பால்மா சேர்த்து அரைத்தால் எண்ணெய் விடாது.

பொடி போட்ட பிறகு சிறு நெருப்பில் நான்கைந்து நிமிடம் கிளறினால் தாச்சியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். கையில் நெய் தொட்டு, கடலையளவு எடுத்து உருட்டிப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டால் இறக்கலாம். நெய் ஒரு தேக்கரண்டி போதும். எருமை நெய் கிடைத்தால் விடாதீர்கள். அதில் மஞ்சள் நிறம் இல்லாததால் கத்லி வெளுப்பாகவே நிற்கும். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் அதைத் தேடுவது பெரிய கஷ்டமில்லை. ஏலக்காய் நான் போடுவதில்லை, கஜு வாசம் அடிபட்டுப் போகிறது.

கை பொறுக்கிற சூட்டில் பிசைந்து, நெய் தடவிய இரண்டு எண்ணெய்த்தாள்களுக்கு நடுவே வைத்து, அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு உருட்டுங்கள். ஆறிப்போனால் ஓரமெல்லாம் வெடிக்கும். பத்து நிமிடம் விட்டுச் சாய்சதுரமாக வெட்டலாம். வெட்டும்போது விழுகிற முக்கோணங்கள் செய்தவருக்கு, அது எங்கள் வீட்டுச் சட்டம்.

கல்லாகிவிட்டால் எறிந்துவிடாதீர்கள். சூடு இருக்கும்போதே ஒரு கரண்டி இளஞ்சூட்டுப் பால் தெளித்துப் பிசைந்தால் இளகும். ஆனால் பால் பட்டதை இரண்டு நாளில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். களியானதைத் திரும்பத் தாச்சியில் போட்டுச் சிறு நெருப்பில் கிளறினால் போதும்.

கத்லிக்கு மேலே ஒட்டுகிற வெள்ளித்தாள் இல்லையே என்று கவலை வேண்டாம், அதில் ருசி ஒன்றுமில்லை. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். எங்கள் கரையோரக் காற்றில் திறந்து வைத்தால் ஒரு மாலைக்குள் மேற்பரப்பு பிசுபிசுத்துவிடும்.