எந்தக் கதவு?

அன்புள்ள ஐயா,

என் அக்காவின் மகனுக்கு 22 வயது. ஐஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்துக்கு வைத்தியம் செய்து வீட்டுக்கு வந்து நாலு மாதம். கிரிக்கெட், சாப்பாடு, சிநேகிதர் எதிலும் பிடிப்பில்லை. நடிக்கிறான் என்கிறார் அத்தான். பாடசாலையில் பேச வந்த ஒருவர், போதைப்பொருள் மூளையின் கதவை அடைத்துவிடும் என்றார். எந்தக் கதவு? அது திரும்பத் திறக்குமா?

வாசகர், கோப்பாய்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொன்னது கொக்கெயினுக்குச் சரி. ஐஸ் செய்வது வேறு வேலை.

எனக்குக் கதவைவிடப் படகுதான் தோன்றுகிறது. நயினாதீவுச் சனம் அலுவலாகக் கரையிலுள்ள குறிகாட்டுவான் துறைக்கு வருகிறது. அலுவல் முடிந்ததும் படகு திருப்பி ஏற்றிப் போகிறது. தீவு நரம்புக்கலம். கரை, இரண்டு கலங்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு. சனம், எதிலும் ஒரு பிடிப்பை உண்டாக்கும் டோபமைன் என்ற மூளை இரசாயனம். படகுதான் டோபமைனைக் கலத்துக்குள் திருப்பி ஏற்றும் கடத்திப் புரதம்; அவர் சொன்ன கதவும் இதுதான். இரண்டு சோடியமும் ஒரு குளோரைட்டும் கூட ஏறினால்தான் அது புறப்படும். ஆனையிறவு உப்பில் இருக்கிற அதே சோடியம், அதே குளோரைட்டு!

கொக்கெயின் டோபமைனின் ஆசனத்தில் குந்திவிடும், இறங்காது. படகு கரைப்பக்கம் திறந்தபடியே நிற்கும், துறையில் சனம் குவியும். போதை என்பது அந்த நெரிசல். 1996இல் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். வெளியே வந்த டோபமைன் 100 மடங்குக்குக் குறையாத நேரம் அங்கேயே நின்றது. கொக்கெயின் கொடுத்தும் அவற்றின் ஓட்டம் கூடவில்லை. படகே இல்லாத துறையில் எதை மறிப்பது?

ஐஸ், அதாவது மெத்தம்பெற்றமின், படகை மறித்துக்கொண்டு நிற்பதில்லை. பயணி மாதிரி ஏறித் தீவுக்குள்ளேயே போய்விடும். அங்கே சிறு பைகளில் சேமித்து வைத்த டோபமைனைக் கிளறி வெளியே கொட்டும். அப்புறம் படகை எதிர்த்திசையில் ஓடவைக்கும். தீவே காலியாகிக் கரைக்கு வந்துவிடும்.

இதையே நாள்கணக்காகச் செய்தால், கரையில் சனத்தை வரவேற்கும் ஏற்பிகள் குறைகின்றன, படகுகளும் குறைகின்றன. சாதாரண நாளில் வருகிற நாலு பேரைக் கவனிக்க ஆளில்லை. ஒரு சிக்ஸருக்கோ நண்டுக்கறிக்கோ உங்கள் பெடியனிடம் அசைவில்லாமல் இருப்பது இதனால் இருக்கலாம். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். மண்டையோட்டுப் படம் போட்ட சுவரொட்டிகளில் இந்த வெறுமையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் கோபம்.

திறக்குமா என்றீர்கள். ஐஸை விட்ட ஐந்து பேரின் மூளையை முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும், ஓராண்டு கடந்தபின் ஒருமுறையும் படம் பிடித்த ஆய்வு 2001இல் வந்தது. புரதங்கள் ஓரளவு திரும்பியிருந்தன. ஞாபகமும் கைவேகமும் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஐந்து பேர் என்பது சின்னக் கணக்குத்தான். ஆனாலும் அத்தானுக்குச் சொல்ல அது போதும்: நாலு மாதம் இதற்குக் காணாது.

கிளினிக்கை மட்டும் தவறவிட வேண்டாம். சாகிற கதை ஏதும் கதைத்தான் என்றால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.