சொந்த கிளப்புக்கே மேனேஜராக வந்து தோற்றுப்போன பழைய வீரர் மேல் ரசிகர்களுக்கு மரியாதை குறையுமா?

குறையாது என்றுதான் சொல்வேன். நான் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வருகிறது: ஓலே குன்னார் சோல்ஷர். வீரராக 366 ஆட்டங்கள், 126 கோல்கள். மேனேஜராக 168 ஆட்டங்கள், ஒரு கோப்பைகூட இல்லை. 2021 நவம்பரில் அவரை நீக்கியபோது, நீக்கியது சரி என்று நினைத்தவன் நான். அதே நாளில் அவருக்காகக் கண் கலங்கியவனும் நான்தான்.

எனக்குக் கால்பந்தைக் காட்டியது பெரியப்பா மகன். 1999-இல் பார்சிலோனா நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முதன்மையான கிளப் கோப்பை) இறுதிப்போட்டியை அவர் சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை வைத்து விளக்குவார். பெக்காமின் கார்னர் இங்கிருந்து வருகிறது, ஷெரிங்கம் தலையால் இப்படித் தட்டுகிறார், சோல்ஷர் இந்த இடத்தில் காலை நீட்டுகிறார் என்று உப்பு டப்பாவைக் கோலுக்குள் தள்ளுவார். மே 26, 93-ஆவது நிமிடம், பயர்ன் மியூனிக்குக்கு எதிராக 2-1. லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று கோப்பைகளையும் ஒரே சீசனில் கொண்டுவந்த கோல் அது. ஆடத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

ஆனால் அண்ணன் அதிகம் சொன்ன கதை அதற்கும் முந்தைய வருடத்தினுடையது. 1998 ஏப்ரல், எங்கள் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில் நியூகாசிலுடன் ஆட்டம். 1-1 என்று முடியப்போகிற நேரம். யுனைடெட் வீரர்கள் எல்லாரும் வெற்றி கோலுக்காக முன்னே ஏறிவிட்டார்கள். பந்து நியூகாசிலின் ராப் லீயிடம் சிக்கியது. அவருக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மாற்று வீரராக உள்ளே வந்திருந்த சோல்ஷர், முன்கள வீரர், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவருகிறார். துரத்திப் பிடித்து, லீ பெனால்டி பெட்டிக்குள் நுழைவதற்கு முன் காலை வாரிவிடுகிறார். சிவப்பு அட்டை நிச்சயம் என்று தெரிந்தே செய்த காரியம். நடுவர் அட்டையைக் காட்ட, பேசாமல் வெளியே நடந்தார். ரசிகர்கள் கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

அது நல்ல ஆட்டம் இல்லை. இங்கே இப்படி ஜெயிக்கக் கூடாது என்று அப்போதைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனே அவரைக் கண்டித்ததாக சோல்ஷர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சரி, அது ஃபெர்குசனின் வேலை. ஸ்டாண்டில் இருந்தவனுக்கு வேறொன்று பட்டது. இவன் தன்னைக் கொடுத்து நம்மைக் காப்பாற்றுகிறான் என்று பட்டது. அதே வருடம் டாட்டன்ஹாம் அவரை வாங்க வந்தது, கிளப்பும் விற்கச் சம்மதித்தது, அவர் போக மறுத்தார். போயிருந்தால் வாரா வாரம் முதல் பதினொன்றில் ஆடியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று இருந்தார். பெஞ்சில் இருந்தபடியே எதிரணிப் பின்கள வீரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பாராம். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை 8-1 என்று ஜெயித்த ஆட்டத்தில், கடைசியில் கிடைத்த கால் மணி நேரத்துக்குள் 4 கோல்கள் அடித்தார்.

நான் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தது 2006-இல். முழங்கால் காயத்தால் ஏறக்குறைய மூன்று வருடம் முடங்கிக் கிடந்த மனிதர் திரும்பி வந்து சார்ல்டனுக்கு எதிராக கோல் அடித்ததைப் பார்த்தேன். அடுத்த வருடமே அந்த முழங்கால் அவரை ஓய்வுபெற வைத்தது. அவருக்காக நடத்திய பிரிவு ஆட்டத்துக்கு ஓல்ட் ட்ராஃபோர்டில் சுமார் 69 ஆயிரம் பேர் வந்தார்கள். ஒரு நட்பு ஆட்டத்துக்கு!

ஆக, 2018 டிசம்பரில் அவர் மேனேஜராக உள்ளே வந்தபோது எங்களிடம் அவருக்கு இவ்வளவு இருப்பு இருந்தது. முந்தைய மேனேஜர் ஜோசே மொரின்யோவின் கடைசி மாதங்களில் கிளப்பே முகம் சுருங்கிக் கிடந்தது. வீரர்கள் ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். சோல்ஷர் வந்த முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபில் 5 கோல். தொடர்ந்து 8 வெற்றி. அப்புறம் பாரிஸ்.

அந்த ராத்திரியைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. 2019 மார்ச், சாம்பியன்ஸ் லீகில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியுடன் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் 0-2 தோல்வி. முதல் அணியைச் சேர்ந்த 10 பேர் காயத்தாலும் தடையாலும் இல்லை. நமக்கு அதிகாலை 1:30-க்கு ஆட்டம். வீட்டில் எல்லாரும் தூங்க, சத்தத்தை அணைத்துவிட்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். லுகாகு இரண்டு அடித்துவிட்டார், இன்னும் ஒன்று வேண்டும். கடைசி நேரத்தில் பந்து பிஎஸ்ஜி வீரர் கிம்பெம்பேயின் கையில் பட்டது. நடுவர் ஓரத்தில் இருந்த திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த இரண்டு மூன்று நிமிடம் நான் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ராஷ்ஃபோர்ட் பெனால்டியை மேல் மூலையில் அடித்ததும் ஃபோன் அதிர்ந்தது. அண்ணன். "முழிச்சிருக்கியாடா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சொந்த மைதானத்தில் 0-2 தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் மீண்டு வந்தது அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

மூன்று வாரத்தில் அவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தார்கள். கொடுக்கச் சொல்லிக் கூச்சல் போட்டவர்களில் நானும் ஒருவன். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால், பின்னால் நடந்ததில் எங்கள் பாசத்துக்கும் பங்கு இருக்கிறது. மொல்டேவுக்கு நார்வே லீகை இரண்டு முறை ஜெயித்துக் கொடுத்தவர்தான். ஆனால் இங்கிலாந்தில் அதற்கு முன் அவர் மேனேஜராக இருந்த ஒரே கிளப் கார்டிஃப், அது கீழ் லீகுக்கு இறங்கியது. வேறு யாராவது அந்த அனுபவத்தோடு வந்திருந்தால் சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றிருப்போம். 'நம்ம ஆள்' என்பதால் யாரும் பொறுக்கவில்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த சீசனில் மிச்சமிருந்த 10 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு.

அதற்காக அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். அடுத்த இரண்டு லீக் சீசன்களில் மூன்றாவது இடம், இரண்டாவது இடம். 2020-21 முழுக்க லீகில் வெளி மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. முன்னேறி வரும் பெரிய அணிகளை வேகமாக எதிர்த்தாடிச் சாய்த்தார். 2019-20-இல் மான்செஸ்டர் சிட்டியை லீகில் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தார். பின்னால் பூட்டிக்கொண்டு நிற்கிற அணியை உடைக்கத்தான் அவரிடம் வழி இல்லை. அரையிறுதிகளில் அடுத்தடுத்துத் தோற்றோம்.

எனக்கு இன்றுவரை ஆறாதது போலந்தின் க்தான்ஸ்க் நகரில் நடந்தது. 2021 மே 26, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பையான யூரோப்பா லீக் இறுதிப்போட்டி, எதிரணி ஸ்பெயினின் வியாரியல். அதே மே 26! பார்சிலோனா இரவு நடந்து 22 வருடம் கழிந்து அதே தேதி. இது எழுதிவைத்தது என்றே நம்பினேன். ஆட்டம் 1-1-இல் இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பெஞ்சில் ஆள் இருக்கிறது. 90 நிமிடம் முடிந்தும் ஒருவரைக்கூட மாற்றவில்லை. முதல் மாற்று வீரர் உள்ளே போனபோது 100-ஆவது நிமிடம். மாற்று வீரராக வந்து உலகத்தையே புரட்டிப் போட்டவர், அங்கே கோட்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. பெனால்டியில் 21 பேர் வரிசையாகப் போட்டார்கள். 22-ஆவதாக வந்த எங்கள் கோல்கீப்பர் டி ஹேயாவின் அடியை அவர்கள் கோல்கீப்பர் தடுத்தார். 11-10. அன்றைக்குக் கோபம் வந்தது, மறுக்கவில்லை. அந்தக் கோபம் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜர் மேல். 20-ஆம் எண் சட்டை போட்டு ஆடிய அந்தப் பழைய வீரர் மேல் இல்லை.

இந்தப் பிரிப்பை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஓல்ட் ட்ராஃபோர்டில் அவருடைய 20-ஆம் எண்ணை வைத்து ரசிகர்கள் செய்த ஒரு பதாகை உண்டு. அவர் மேனேஜராகத் தடுமாறிய காலத்திலும் யாரும் அதை எடுக்கவில்லை. நியூகாசிலிலும் இதே கதைதான். ஆலன் ஷியரர் 2009-இல் கடைசி 8 ஆட்டங்களுக்கு மேனேஜராக வந்தார், ஒன்றில்தான் ஜெயித்தார், கிளப் கீழ் லீகுக்கு இறங்கியது. 2016-இல் அதே கிளப்பின் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 206 கோல் அடித்தவரை 8 ஆட்டம் என்ன செய்துவிடும்?

அப்படியானால் எப்போதுமே குறையாதா? குறையும். அதற்கு லிவர்பூலின் கிரேம் சூனஸைப் பார்க்க வேண்டும். 1984-இல் ஐரோப்பியக் கோப்பையை ஏந்திய கேப்டன். 1991-இல் மேனேஜராகத் திரும்பினார், 1992-இல் எஃப்ஏ கோப்பைகூட ஜெயித்தார். ஆனால் இதய அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தபோது தன் கதையை 'தி சன்' பத்திரிகைக்குக் கொடுத்தார். ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் செத்துப்போன லிவர்பூல் ரசிகர்கள் மேலேயே 1989-இல் பொய்ப் பழி போட்ட பத்திரிகை அது. பேட்டியும் படமும் வந்த நாள் ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோவின் மூன்றாம் நினைவு நாள். சூனஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார், அப்போதே பதவியை விட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். பல லிவர்பூல்காரர்களுக்கு அந்தப் புண் ஆறவே இல்லை. தோற்றிருந்தால் மன்னித்திருப்பார்கள். செத்தவர்களின் வீட்டாரை நோகடித்ததை மன்னிக்க முடியவில்லை.

சோல்ஷர் எங்களை ஒருநாளும் அப்படி நோகடிக்கவில்லை. 2021 அக்டோபரில் லிவர்பூலிடம் சொந்த மைதானத்தில் 0-5. இடைவேளைக்குள்ளேயே நான்கு. ஸ்டாண்டுகள் காலியாவதை டிவியில் பார்த்தேன். அன்று ராத்திரி அண்ணனுக்கு "இவர் போகணும்ணே" என்று செய்தி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை.

நவம்பர் 20, வாட்ஃபோர்டிடம் 1-4. ஆட்டம் முடிந்ததும் அவர் வெளியூர் வந்திருந்த யுனைடெட் ரசிகர்களை நோக்கி நடந்து வந்தார். இரண்டு கையையும் உயர்த்தி, தப்பு என்னுடையது என்பதுபோல் நின்றார். சிலர் கூச்சல் போட்டார்கள். பக்கத்தில் இருந்த எங்கள் வீரர் ப்ரூனோ ஃபெர்னாண்டஸ், இவர் மட்டுமில்லை, நாங்களும்தான் என்று ரசிகர்களிடம் கையைக் காட்டினார். சோல்ஷர் யாரையும் கைகாட்டவில்லை. 1998-இல் தானே போய் அட்டையை வாங்கிக்கொண்டு நடந்த அதே ஆள்தான் இது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் நீக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கிளப்பின் சேனலுக்கே ஒரு கடைசிப் பேட்டி கொடுத்தார். நீக்கப்பட்ட மேனேஜர் அதே கிளப்பின் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேச்சு நடுவில் குரல் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் அழைத்தார். "பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "நீ சொன்னது சரிதான்டா, போகத்தான் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நான் 2006-இல் பார்த்த அந்த சார்ல்டன் கோல் எந்தக் காலால் அடித்தது, ஞாபகம் இருக்கா என்று கேட்டார். தேடி எடுத்து அவருக்கு அனுப்பினேன்.