சிமெண்ட் தளத்தில் வளரும் கோழிக்குப் புழுதி வேண்டுமா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தளம். ஐந்து நாட்டுக் கோழிகள் இருக்கின்றன, அதில் ஒன்று அடையில். மற்ற நான்கும் ரோஜாத் தொட்டியில் ஏறி மண்ணை வாரி இறைத்துப் புரள்கின்றன. பேன் பிடித்ததால்தான் இப்படியா? தனியாக மண் வைத்தால் சாம்பல் கலக்கலாமா? குஞ்சு பொரித்தால் அதற்கும் வேண்டுமா?

பதில்: பேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோழி புரளத்தான் செய்யும். வாலுக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்கிறது. நாளாக ஆக அது மிகுந்துபோய் இறகு பிசுபிசுக்கும். பொடி மண் உள்ளே புகுந்து அந்த மிகுதியை இழுத்துக்கொள்ளும். எழுந்து ஒரு உதறு உதறினால் இறகு மறுபடி உப்பி நிற்கும். நமக்குச் சீயக்காய் மாதிரி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பெரும்பாலும் உச்சி வெயிலில், அரை மணி நேரம் வரை இது நடக்கும். மண்ணே பார்க்காத கூண்டுக் கோழிகூட வெறும் கம்பி மேல் படுத்து இதே அசைவுகளைச் செய்து பார்க்கும்.

புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவதுண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் செருகி, காலை உதைத்துக்கொண்டு கிடந்தால் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து இழுக்கிறதோ என்றுதான் தோன்றும். பக்கத்தில் போய்ப் பாருங்கள். புழுதியில் குளிக்கிற கோழி கோபமாக எழுந்து நடந்துவிடும்.

ரோஜாவைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைவிட நல்ல மண்ணை வேறு இடத்தில் கொடுங்கள். செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி கட்டி, அரை அடி ஆழத்துக்கு நிரப்புங்கள். கிட்டத்தட்ட நான்கு சிமெண்ட் மூட்டை அளவு மண் பிடிக்கும். ஒன்று படுத்தால் மற்றதும் வந்து படுக்கும், அதனால் ஒரே ஒரு சாந்துச் சட்டி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, இரண்டையும் சலித்துப் போடுங்கள். கரிசல் வேண்டாம், ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கட்டியாகும். எரு கலந்த தொட்டி மண்ணும் வேண்டாம்.

சாம்பல் கலக்கலாம், பத்துக்கு ஒரு பங்கு போதும். விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கோ பெயின்ட் அடித்த கட்டையோ எரித்தது கூடாது. உள்ளே கங்கு கிடக்கும், இரண்டு நாள் ஆறவிட்டுச் சலியுங்கள். சாம்பல் நனைந்தால் காரமாகி காலையும் கண்ணையும் புண்ணாக்கும். சுண்ணாம்பு போடவே போடாதீர்கள்.

என்ன கலந்தோம் என்பதைவிட மண் காய்ந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே ஒரு தகரம் போடாவிட்டால் ஐப்பசி மழையில் அது சேற்றுத் தொட்டிதான். வாரம் ஒரு முறை எச்சத்தைச் சலித்து எடுத்து, மண்ணைக் கிளறி வெயில் காட்டுங்கள்.

பேனுக்கு வருவோம். கோழியைப் பிடித்து ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடினால் பேன். இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்டிருப்பது முட்டை. வெறும் மண் பேனைக் குறைக்கும், ஒழிக்காது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட சோதனையில், புழுதிப் பெட்டியில் கந்தகப் பொடி கலந்தபோதுதான் பேன் ஏறக்குறைய அற்றுப்போனது. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எறும்புப் பொடியைத் தூவும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கோழி அந்த மண்ணைத்தான் கொத்தும், அந்த இறகைத்தான் கோதும். 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து முட்டையில் ஏறியதால் லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டி வந்தது.

உங்கள் அடைக்கோழியைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். இடிக்குப் பயந்து அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுகிறோம், பேனை மறந்துவிடுகிறோம். அது நாளுக்கு ஒரு முறை, கால் மணி நேரம்தான் இறங்கும். அதற்குள் தின்று, குடித்து, கழித்து, குளித்தாக வேண்டும். பாத்தி தூரமாக இருந்தால் குளியல்தான் விட்டுப்போகும். அப்புறம் அதன் பேன் பிறந்த குஞ்சுகள் மேல் ஏறும். கூடைக்குப் பத்தடிக்குள் ஒரு சட்டி மண் வையுங்கள்.

குஞ்சுகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, ஒரு வாரத்துக்குள் தானாகவே சாய்ந்து புரளத் தொடங்கும். பழைய தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் மண் போதும். சாம்பல் வேண்டாம், மண்ணைத் தின்று பார்க்கும் வயது அது. தண்ணீர் வைக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஈர மண்ணில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். தாயோடு விடுவதானால் பாத்தி ஓரத்தில் ஒரு செங்கல்லைப் படியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் தாய் தாண்டி உள்ளே போய்விடும், குஞ்சுகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும்.