கேள்வி – பதில்: கத்தரியை எடுப்பதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 22 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் நிறுத்தியிருக்கிறோம். சனி, ஞாயிறு மதுரையிலிருந்து கிளம்பிப் போய் ஓட்டுவோம். முன்பாய், பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு வரும் முன்கம்பியில் கொக்கி போட்டு மாட்டுகிற வகை. ஒவ்வொரு தடவையும் அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்கார்ந்து கொக்கி மாட்டுவதும், காற்று ஏறியதும் அங்கேயே ஓடிப்போய் இறக்குவதும் பெரிய பாடாக இருக்கிறது. அதனால் பாயை முன்கம்பியிலேயே சுருட்டிவைக்கும் ரோலர் ஃபர்லர் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டோம். முன்கம்பியைச் சுற்றி அலுமினியக் குழல், கீழே கயிறு சுற்றும் டிரம், மேலே ஏறி இறங்கும் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) எல்லாம் இருக்கிறது. பழைய பாயையே இதில் ஏற்றலாமா? மதுரையில் தைக்க முடியுமா? எங்களுக்குத் தெரிந்த தையல்காரர், "கொக்கியை வெட்டிட்டு ஓரத்துல கயிறு வச்சுத் தச்சுரலாம், ஒரு நாள் வேலை" என்கிறார்.
— வாசகர், திருநகர், மதுரை

பதில்: ஏற்றலாம், தம்பி. ஆனால் அந்தத் தையல்காரரிடம் பாயைக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அவர் சொல்கிற தையல் சரிதான், அந்த வேலை அவருக்கு வரும். அவருக்குத் தெரியாதது உங்கள் படகின் அளவு, அதை மண்டபத்தில் படகின்மேல் நின்றுதான் எடுக்க முடியும். கொக்கி போட்ட பாய் கம்பியின் அடியிலிருந்து ஏறக்குறைய உச்சி வரை இருக்கும்படி வெட்டியிருப்பார்கள். இப்போது கீழே டிரம் கொஞ்ச இடத்தைப் பிடித்துக்கொண்டது, மேலே ஸ்விவலும் அதற்கு மேல் பாயை ஏற்றும் ஹேலியார்ட் கயிறு போகும் இடைவெளியும் இன்னும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டன. ஆக, பாயின் முன்ஓரம் நீளமாகிவிட்டது. வெறுமனே கொக்கியை வெட்டி நாடா தைத்தால் பாய் உச்சிக்குப் போய் முட்டி நிற்கும், முன்ஓரம் விறைக்காது, காசும் துணியும் வீண்.

அளக்கும் முறை இதுதான். ஸ்விவலின் கீழ்வளையத்தில் அளவு டேப்பின் நுனியைக் கட்டி, ஹேலியார்டை இழுத்து ஸ்விவலை உச்சிக்கு ஏற்றுங்கள். கூடவே கீழே இழுத்துவர ஒரு மெல்லிய கயிறும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்விவல் மேலேயே நின்றுகொண்டு உங்களைப் பார்க்கும். குழலின் மேல்முனையிலிருந்து ஸ்விவல் வெளியே போய்விடக் கூடாது, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இப்போது பாய்மரத்தின் உச்சியைப் பாருங்கள். ஸ்விவலிலிருந்து ஹேலியார்ட் கப்பிக்குப் போகும் கோடு, முன்கம்பியை ஒட்டிப் போகாமல் பின்பக்கமாக விலகிப் போக வேண்டும். ஏழிலிருந்து பத்து டிகிரி வரை விலகினால் நல்லது. அந்த இடத்தில் டேப்பை டிரம்மின் ஷாக்கிள் (பாயின் அடிமூலையை மாட்டும் வளையம்) வரை இழுத்துப் பிடித்துப் படித்தால், அதுதான் உங்கள் படகு தாங்கும் அதிகபட்ச முன்ஓர நீளம். அதிலிருந்தும் ஐந்தாறு சென்டிமீட்டராவது கழித்துக்கொள்ளுங்கள், துணி இழுபட இழுபட நீளும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: டேப்பில் 7 மீட்டர் 66 வந்தால் பாயின் முன்ஓரம் 7 மீட்டர் 60. பழைய பாய் 8 மீட்டர் 10 என்றால் அரை மீட்டர் குறைக்க வேண்டும்.

அந்த விலகல் கோணத்தை மட்டும் ஏனோதானோ என்று விட்டுவிடாதீர்கள். ஹேலியார்ட் கம்பியை ஒட்டிப் போனால், குழல் சுற்றும்போது ஸ்விவலின் மேல்பாதி அசையாமல் நிற்பதற்குப் பதிலாக ஹேலியார்டும் சேர்ந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும். கயிறு நசுங்கும், முன்கம்பியின் இழைகள் பிரியும், கடைசியில் கம்பியே அறுந்து பாய்மரம் சாயும். ஃபர்லரில் நடக்கிற பெரிய விபத்துகளில் முக்கியமானது இது. உங்கள் பாய்மரத்தில் கப்பி முன்கம்பிக்குப் பக்கத்திலேயே இருந்து கோணம் கிடைக்கவில்லை என்றால், ஹேலியார்டைப் பின்னுக்குப் பிடித்துவைக்கும் வழிகாட்டி வளையம் கிடைக்கும், அதைப் பாய்மரத்தில் பொருத்திவிட்டு அதன்பின் அளவெடுங்கள். மாறாக, பாய் ரொம்பக் குட்டையாக இருந்து ஸ்விவல் பாதியிலேயே நின்றாலும் இதே ஆபத்துதான். அப்போது பாயின் உச்சிக்கும் ஸ்விவலுக்கும் நடுவில் நீளாத கயிறு ஒன்றைப் போட்டு ஸ்விவலை அதன் இடத்துக்கு ஏற்ற வேண்டும். 

அடுத்தது நாடா. குழலில் ஓடும் பள்ளத்துக்குள் நுழைகிற லஃப் டேப் என்பது உள்ளே கயிறு வைத்த வழவழப்பான நாடா. ஐந்து மில்லி, ஆறு மில்லி என்று பருமன் மாறும். பள்ளத்தின் வாயை அளக்காமல் வாங்காதீர்கள், பருத்தால் நுழையாது, மெலிந்தால் காற்றடிக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். முடிந்தால் ஒரு சாண் நாடா மட்டும் வாங்கிப்போய்ப் பள்ளத்தில் விட்டு மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். பழைய பாயின் முன்ஓரத்துக்குள் கயிறோ கம்பியோ இருந்தால் அதை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் நாடா தைக்க வேண்டும். பழைய கயிறு சுருங்கி, துணியையும் சுருக்கங்களோடு பிடித்துவைத்திருக்கும். பிரித்த பிறகு துணி விரிந்து கொஞ்சம் நீளமாகக்கூட வரும், அளவை அப்போது மறுபடி சரிபாருங்கள். நாடாவை அடிமூலையிலிருந்து மேல்மூலை வரை ஒரேயடியாகத் தைத்துவிடக் கூடாது. இரண்டு நுனியிலும் கொஞ்சம் விட்டுத்தான் தைப்பார்கள், ஏனென்றால் பள்ளத்துக்குள் நாடா நுழையும் வாய் டிரம்முக்கு மேலே தள்ளி இருக்கிறது. டிரம்மின் ஷாக்கிளும் குழலுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி என்று அளந்து அடிமூலை வளையத்தையும் அதே அளவுக்குப் பின்தள்ளி வையுங்கள். இல்லையென்றால் அந்த மூலையிலிருந்து விசிறி மாதிரி சுருக்கம் விழுந்து கடைசி வரைக்கும் போகாது.

நீளத்தை எந்தப் பக்கம் குறைப்பது? கீழ்ப்பக்கம்தான். மேல்மூலையை அப்படியே விட்டுவிட்டு, புதிய அடிமூலையிலிருந்து பின்மூலைக்கு ஒரு கோடு போட்டு வெட்டினால் பாயின் வடிவம் அதிகம் கெடாது. அணியத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது பாய்க்கு அடியில் எதிரே வரும் வள்ளமும் தெரியும்.

மதுரையில் தைப்பதைப் பற்றி. சட்டை தைக்கும் மெஷின் இதற்கு ஆகாது. லாரி தார்ப்பாய் தைப்பவர்கள், கார் சீட் கவர் தைப்பவர்கள் வைத்திருக்கும் கனத்த மெஷினில், துணியை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் கால் உண்டு, அதுதான் வேண்டும். சிக்ஸாக் தையல் போட முடிந்தால் இன்னும் நல்லது, பாய் இழுபடும்போது நேர்த்தையல் அறுகிற மாதிரி அது அறாது. நூல் பாலியெஸ்டர், வெயில் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். பருத்தி நூலை யார் சொன்னாலும் போடாதீர்கள். மூலை வளையத்தை அழுத்திப் பொருத்தும் கருவி அங்கே இருக்காது, ஆனால் அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. துணியில் நான்கைந்து அடுக்கு ஒட்டுப்போட்டு, எவர்சில்வர் வளையத்தில் நைலான் வார்ப்பட்டைகளைக் கோத்து, பட்டைகளைப் பாயின் இரண்டு முகத்திலும் விரித்துத் தைத்துவிட்டால் 22 அடிப் படகுக்குத் தாராளமாகத் தாங்கும். அந்த மூலையில் மெஷின் ஊசி இறங்காது. உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு தடித்த ஊசியால் கையால் தைக்க வேண்டும், பொறுமையாகச் செய்தால் நீங்களே செய்யலாம்.

விரிப்பதற்கு இடம் வேண்டுமே என்று யோசிப்பீர்கள். ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கும், தெரிந்தவர் யாராவது இருந்தால் அரை நாள் கேளுங்கள். கூட்டித் துடைத்த தரையில் பாயை முழுசாக விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு தடவை அளந்துவிட்டு வெட்டலாம். ஆடியில் நீங்கள் கடலுக்கும் போகப்போவதில்லை.

வெயில்பட்டையை மறந்துவிடாதீர்கள். சுருட்டிய பாய் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும், பாலியெஸ்டர் துணியை நம் வெயில் தின்றுவிடும். அதனால் பின்ஓரத்திலும் கீழ்ஓரத்திலும் ஓரடியிலிருந்து ஒன்றரையடி அகலத்துக்கு அக்ரிலிக் கேன்வாஸ் துணியைத் தைக்க வேண்டும், சுருட்டியபின் வெளியே தெரிவது அது மட்டும்தான். எந்த முகத்தில் தைப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டிரம்மிலிருந்து இழுகயிறு (பாயைச் சுருட்ட நாம் இழுக்கும் கயிறு) எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துக் குழல் சுற்றும் திசை மாறும், அதைப் பொறுத்து வெளியே தெரியும் முகம் மாறும். பழைய வேட்டி ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தை டேப் போட்டுக் குழலின் பள்ளத்தோரம் நீளவாக்கில் ஒட்டி, மறு ஓரத்தைப் பின்பக்கமாக ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் இழுகயிற்றை இழுங்கள். வேட்டியின் எந்த முகம் வெளியே வருகிறதோ அந்த முகத்தில் ஒரு பேனாக் குறி. தையல்காரரிடம் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், பாயின்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

ஏற்றும் நாளன்று விடிகாலை, காற்று எழுமுன் செய்துவிடுங்கள். ஒருவர் ஹேலியார்டை இழுக்க, இன்னொருவர் அணியத்தில் நின்று நாடாவைப் பள்ளத்தின் வாய்க்குள் நேராக ஊட்ட வேண்டும். இறுகினால் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள், எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், மண்ணைப் பிடித்துவைக்கும். பாய் விரிந்திருக்கும்போது இழுகயிறு டிரம்மில் நிறையச் சுற்றியிருக்க வேண்டும், ஆகவே பாயை ஏற்றும் முன்பே குழலைக் கையால் திருப்பி டிரம்மில் கயிற்றை ஏற்றிவிடுங்கள். பாய் முழுக்கச் சுருண்டு, அதன்மேல் ஷீட் கயிறும் (பாயின் பின்மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு) இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியபின் டிரம்மில் நாலைந்து சுற்று மிச்சம் இருந்தால் சரியான கணக்கு. பலத்த காற்றில் பாய் கோரைப்பாயைப் போல இறுக்கமாகச் சுருளும், அப்போது சுற்றுகள் கூடுதலாகத் தேவைப்படும். இழுகயிற்றின் முதல் கப்பி, டிரம்முக்கு நேர் செங்குத்தாகக் கயிறு போகும் இடத்தில் இருக்கட்டும். சாய்ந்தால் கயிறு ஒரே ஓரத்தில் குவிந்து சிக்கும். விரிக்கும்போதும் இழுகயிற்றை அடியோடு விட்டுவிடாமல் லேசாகப் பிடித்தே விடுங்கள். ஹேலியார்டை முன்ஓரத்தின் குறுக்குச் சுருக்கங்கள் போகும்வரை இழுத்தால் போதும்.

காற்று கூடும்போது பாதி சுருட்டிக்கொண்டு ஓடலாமா என்றால், மூன்றில் ஒரு பங்கு வரை ஓடலாம், அதற்குமேல் பாய் தொப்பை போட்டுவிடும், காற்றை எதிர்த்து ஏற முடியாது. முன்ஓரத்தை ஒட்டி உள்ளே ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை தைத்தால் அந்தத் தொப்பை குறையும், தைக்கிறபோதே சேர்த்துச் செய்துவிடுங்கள். சுருட்டச் சுருட்ட ஷீட் கயிறு போகும் வளையத்தையும் முன்னுக்கு நகர்த்த வேண்டும். பாயின் மேல்பகுதி முதலில் படபடத்தால் முன்னுக்கு, கீழ்ப்பகுதி முதலில் படபடத்தால் பின்னுக்கு.

கேள்வி: நண்பரின் படகு தூத்துக்குடியில் நிற்கிறது. முன்பாயைச் சுருட்டக் கயிற்றை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. வின்ச்சில் (கைப்பிடி சுற்றிக் கயிறு இழுக்கும் உருளையில்) போட்டு இழுத்தால் என்ன?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டவே வேண்டாம். கையால் சுற்ற முடியவில்லை என்றால் எங்கோ ஏதோ சிக்கியிருக்கிறது, வின்ச் போட்டால் அதை உடைத்துவிட்டுத்தான் சுற்றும். முதலில் அண்ணாந்து பாருங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேலியார்ட் குழலுச்சியில் சுற்றியிருந்தால், கயிற்றை விட்டு பாயை முழுக்க விரியுங்கள், பெரும்பாலும் சுற்றும் அதோடு அவிழ்ந்துவிடும். பிறகு காற்றில்லாத இடத்தில் பாயை இறக்கி, மேலே நான் சொன்ன கோணத்தைச் சரிபாருங்கள். மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தால் டிரம்மைப் பாருங்கள், கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதுவும் இல்லை என்றால் முன்கம்பி தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தொய்ந்த கம்பியில் குழல் வில்லாக வளைந்து நின்று சுற்ற மறுக்கும். காற்று நிறைந்த பாயைச் சுருட்டவும் முயல வேண்டாம். ஷீட்டைத் தளர்த்திவிட்டு, காற்றைப் பின்னால் வாங்கிப் பெரிய பாயின் மறைவில் முன்பாயைக் கொண்டுவந்து சுருட்டினால் கை நோகாது.

கேள்வி: மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் பாயைச் சுருட்டியபடியே விட்டுவரலாமா? எப்படிக் கழுவுவது?
— வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: தை, மாசியில் ஒன்றிரண்டு வாரம் என்றால் விடலாம், சுருளின்மேல் ஷீட்டைச் சுற்றி, இழுகயிற்றைக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கட்டி, கூடுதலாக ஒரு கயிறும் போட்டுவிட்டு வாருங்கள். ஆடிக் காற்றுக்கு முன்பும், ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் என்று வானொலியில் சொல்லும்போதும் பாயை இறக்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். சுருளின் ஒரு மடிப்புக்குள் காற்று நுழைந்தால் போதும், பிரித்துக் கிழித்துவிட்டுத்தான் ஓயும், கூடவே படகையும் நங்கூரத்திலிருந்து பிடுங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாக் கரையில் எத்தனை படகுகள் போயின என்பது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கழுவ நல்ல தண்ணீர் மட்டும், சோப்பு என்றால் மென்மையானது, பிளீச்சிங் பவுடர் கூடாது. மதுரையில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருக்கும், அதில் அலசினால் அலசாதது மாதிரிதான், மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் மொட்டை மாடியில் போட்டு அலசுங்கள். நிழலில் காயவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் மடியுங்கள். டிரம்மையும் ஸ்விவலையும் ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்த பிறகும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். பல ஃபர்லர்களில் பேரிங் பிளாஸ்டிக் குண்டுகள்தான், கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய கிரீஸ் அடிக்காதீர்கள்.