பொறுமை என்றொரு வசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்க்கயிற்றை முடிச்சிட்டுச் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜியைப் பற்றி நீங்கள் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையைச் சென்ற மாதம்தான் படித்தேன். எனக்கு 31 வயது, வங்கியில் வேலை. நான்கு ஆண்டுகளாக இரவு நேரங்களில் பருத்திக் கயிற்றை முடிச்சிட்டுச் சுவரில் தொங்கும் உருவங்களைச் செய்து வருகிறேன். அண்மையில் ஒன்றை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். ஓவியங்களும் சிற்பங்களும் இருந்த கூடத்தில் வைக்காமல், ‘கைவினைப் பொருட்கள்’ என்ற பலகையின் கீழே, ஊதுவத்தித் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. நன்னூல் பாயிரம் புலவனையே நூல் நூற்பவளாகப் பார்க்கிறது. அப்படிப்பட்ட நம்மிடையே இந்தப் பாகுபாடு ஏன்? நான் செய்வது கலைதான் என்று மற்றவர்களை எப்படி ஏற்கச் செய்வது? இந்த வயதில் கலைக் கல்லூரியில் சேர்ந்து முறையாகப் பயில வேண்டுமா?

மிருணாளினிக்கு இருந்த பொறுமையில் நூறில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் செய்த உருவத்தை மூன்று முறை பிரித்துப் போட்டுவிட்டேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் பதில் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக அன்று. கேள்வியாகக்கூட எழுதாமல் நீங்கள் கடைசியில் சேர்த்த அந்த இரண்டு வரிகளுக்காக. ‘பொறுமை’ என்ற சொல்லோடு எனக்குச் சில ஆண்டுகளாகத் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் நன்னூலை ஒதுக்கி வைத்துவிடுவோம். நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதைக் கொண்டு நெசவைப் பெருமைப்படுத்தும் பேச்சை மேடைகளில் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. அந்த வெண்பாவை இன்னொரு முறை படியுங்கள். சொல் பஞ்சாகிறது, செய்யுள் இழையாகிறது, புலவன் நூற்கும் பெண்ணாகிறான், வாய் கையாகிறது, மதி நூற்கும் கதிராகிறது. முடிவில் மேன்மை பெறுவது புலவன் இயற்றிய ஏடு. நூற்ற பெண் உவமையாக உள்ளே அழைக்கப்பட்டு, வேலை முடிந்ததும் வெளியே அனுப்பப்படுகிறாள். சங்கப் பாடலிலும் இதே கதைதான்: துணைக்கு ஆளில்லாத பெண்கள் உழைத்து நூற்ற நுண்ணிய இழை, நற்றிணையில், மலைமேல் தவழும் மேகம் எப்படி இருந்தது என்று சொல்லப் பயன்படுகிறது. நம் மொழி இழையைக் கொண்டாடியது என்று இனி யாரிடமும் வாதாடாதீர்கள். இழையைக் கொண்டு வேறொன்றைக் கொண்டாடியது என்பதே சரி.

பலகை விஷயத்தையும் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸுக்கு நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1949இல் தனிக்காட்சி நடத்தியது. அத்தகையவரே 1960களில் தறியிலிருந்து அச்சோவியத்துக்கு மாறிய பிறகு, நூலில் செய்தால் கைவினை என்கிறார்கள், காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ள நேர்ந்தது. அவருக்கே தீராத வழக்கை உங்கள் ஊர்க் கண்காட்சிக் குழுவிடம் வென்று என்ன செய்யப்போகிறீர்கள்?

இனி மிருணாளினிக்கு வருகிறேன். அவர் 1949இல் பம்பாயில் பிறந்தார். தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் பெரும் ஓவியர்களில் ஒருவர். தாய் லீலா முகர்ஜி சிற்பி. தாய் டேராடூனில் பள்ளி ஆசிரியராக இருந்ததால் மகளின் இளமை அந்த மலையடிவாரத்திலும் சாந்திநிகேதனிலுமாகக் கழிந்தது. பிறவியிலேயே பார்வை குன்றியிருந்த தந்தை 1956இல் அதை முற்றிலும் இழந்தார். அதற்குப் பின்னும் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், 1972இல் ஓடுகளைப் பதித்துச் சுவரோவியமே அமைத்தார். பார்வையிழந்த தந்தை, விரல்களால் முடிச்சிடும் மகள் என்று இங்கே ஓர் அழகான வாக்கியம் தானாக வந்து விழும். என் பழைய கட்டுரையில் விழுந்தும் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மிருணாளினி தடவித் தடவி முடிச்சிடவில்லை. எட்டி நின்று, கண்ணால் அளந்து, மறுபடி நெருங்கிச் சென்று முடிச்சிட்டார்.

பரோடா நுண்கலைக் கல்லூரியில் மிருணாளினி முதலில் பயின்றது ஓவியம். அதன் பிறகு சுவரோவியப் பயிற்சியில் கே.ஜி. சுப்ரமணியனிடம் சேர்ந்தார். கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறைக்குப் போய், 1944இல் சாந்திநிகேதன் சென்று வினோத் பிஹாரியிடமே பயின்றவர் சுப்ரமணியன். தமிழர்கள் அவரை இவ்வளவு குறைவாக அறிந்திருப்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். பரோடாவில் கற்பித்த ஆண்டுகளுக்கு இடையே சிறிது காலம் கைத்தறி வாரியத்தில் பணியாற்றியவர் அவர்; கிராமத்துக் கைவினைஞரின் பொருளும் முறையும் நவீன ஓவியருக்கு உரியவை அல்ல என்று எண்ணாதவர். அவருடைய வகுப்பில்தான் மிருணாளினியின் கைக்கு நார்க்கயிறு வந்தது. 1972இல் தில்லியில் முதல் தனிக்காட்சி. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தக் கயிற்றை விடவில்லை. ‘தேவி’ (1982), ‘யக்‌ஷி’ (1984), ‘புஷ்ப்’ (1993), ‘வனஸ்ரீ’ (1994): பெயர்கள் கோயிலை நினைவூட்டும், உருவங்கள் எந்தக் கோயிலிலும் இல்லாதவை. ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, இதழா உதடா உடையா உடலா என்று பிரித்தறிய முடியாதபடி மடிந்து மடிந்து நிற்பவை.

2015 ஜனவரி இறுதியில் தில்லியில் நவீன கலைக்கான தேசியக் காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெருங்காட்சி ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய சில நாட்களில், பிப்ரவரி 2 அன்று, அவர் மறைந்தார். நான் அங்கே சென்றது அதற்குப் பிறகு. ‘வனஸ்ரீ’யின் முன் நின்றபோது என்னோடு வந்த நண்பர், “எவ்வளவு பொறுமை பாருங்கள்!” என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், ஊர் திரும்பி எழுதிய கட்டுரைக்கு நடுநாயகமாக அந்தச் சொல்லையே வைத்தேன். நீங்கள் படித்தது அந்தக் கட்டுரைதான். உங்களுக்கு இல்லை என்று நீங்கள் வருந்தும் அந்தப் பொறுமையை மிருணாளினிக்குக் கொடுத்தவன் நான். ஆகவே இப்போது உங்கள்மீது எழும் கோபத்தில் பெரும்பங்கு என்மீது எழ வேண்டியது.

பொறுமை என்றால் என்ன? பேருந்து வரும்வரை நிற்பது பொறுமை. என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரிந்து, அது வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது தேவைப்படுவது அது. மிருணாளினி முன்வரைவோ சிறிய மாதிரியோ செய்துகொள்ளாமல் வேலை செய்தவர். தறி கிடையாது, தறி இருந்தால் நெடுக்கில் கட்டிய பாவு முன்பே நீளத்தையும் அகலத்தையும் முடிவு செய்துவிடும். அவரிடம் இருந்தவை வண்ணம் ஏற்றிய கயிற்றுக் குவியலும், அதைத் தாங்கும் உலோகச் சட்டகமும், முடிச்சும் மட்டுமே. பாதி முடிச்சை ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போட்டால் கயிறு தானாகவே முறுக்கிக்கொண்டு சுழலும் என்பது உங்களுக்குத் தெரியும். இடமும் வலமும் மாற்றிப் போட்டால் தட்டையாகப் படுக்கும். நெருக்கிப் போட்டால் பரப்பு விறைக்கும், தளர்த்தினால் தன் எடையில் தொய்யும். புதிய கயிறுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் பரப்பு இடம் போதாமல் அலையலையாக மடியும். சிலவற்றை விட்டுக்கொண்டே போனால் குவியும். அப்படியானால் ஒவ்வொரு முடிச்சிலும் திசை, இறுக்கம், சேர்ப்பு என்று மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். இன்று இடுப்பளவில் போடும் முடிச்சு, இரண்டு மாதம் கழித்துக் கழுத்தின் எடை ஏறும்போது சரியா தவறா என்று தெரியவரும். ஓர் உருவத்துக்குப் பல மாதங்கள் ஆயின என்றால், அத்தனை மாதங்களும் அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை, முடிவெடுத்துக்கொண்டிருந்தார். முடிச்சுக்கும் முடிவுக்கும் ‘முடி’ என்பதே அடிச்சொல். உங்கள் சிலேடையைக் கண்டித்த கையோடு நானும் ஒன்று செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் பக்க நாவல் எழுதியவரிடம் போய், “எவ்வளவு பொறுமை உங்களுக்கு!” என்று சொல்லிப் பாருங்கள். அன்றிரவு அவர் தூங்கமாட்டார். கருங்கல்லில் ஆண்டுக்கணக்காக உளி பிடித்தவரிடம் ஆற்றலைக் காண்கிறோம், கற்பனையைக் காண்கிறோம். கயிறு பிடித்த பெண்ணிடம் மட்டும் பொறுமையைக் காண்கிறோம். மருமகளைப் புகழ்வதற்கென்று வீட்டில் வைத்திருந்த சொல்லை அப்படியே காட்சிக்கூடத்துக்கு எடுத்து வந்துவிட்டோம். 1996இல் மிருணாளினி நெதர்லாந்தின் பீங்கான் பட்டறை ஒன்றில் களிமண்ணைக் கையிலெடுத்தார். 2000க்குப் பிறகு வெண்கலத்துக்கு வந்தார். அதே கட்டுரையில் அந்த வெண்கலங்களைப் பற்றி நான் எழுதியிருப்பது ‘திண்மை’, ‘துணிவு’. கை அதே கை. உலோகம் வந்ததும் என் சொல் மாறிவிட்டது. கைவினைப் பலகையை மாட்டியவர்களை நீங்கள் கடிந்துகொள்கிறீர்கள். அந்தப் பலகையின் இன்னொரு பிரதி என் மேசையில் இருந்தது.

என் அத்தை ஒயர்க்கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் சொல்லி எனக்கு அவர் கற்றுத்தர முயன்ற கோடை விடுமுறைகள் வீணாயின. கூடையில் கடினமான இடம், அடிப்பகுதி முடிந்து பக்கங்களை மேலே திருப்பும் மூலை. அங்கே ஒரு முடிச்சு பிசகினாலும் கூடை முழுவதும் ஒருபக்கமாகச் சாயும். ஒருநாள் இரவு, மூலை திரும்பிப் பத்து வரிசை ஏறிவிட்ட கூடையை அவர் மொத்தமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த ஒயர் பழைய மடிப்பை மறக்காது. சுருண்டு சுருண்டு கிடக்கும், மறுபடி பின்னும்போது விரல்களோடு சண்டையிடும். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “உங்களுக்கு ரொம்பப் பொறுமைக்கா” என்றார். அத்தை தலையை நிமிர்த்தாமலே, “பொறுமையா? ஆத்திரம் தாங்காமத்தான் பிரிக்கிறேன். பொறுமை இருந்தா இந்தக் கோணலோட குடும்பம் நடத்தியிருப்பேனே” என்றார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தில்லியில் நான் தலையாட்டிய அந்தக் கணத்தில் இந்த வாக்கியம் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தையின் கூடையையும் ‘வனஸ்ரீ’யையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எண்ணாதீர்கள். கூடை எப்படி முடியும் என்று அத்தைக்குத் தெரியும். ‘வனஸ்ரீ’ எப்படி முடியும் என்று மிருணாளினிக்குத் தெரியாது. ஆனால் பிரிக்க வைக்கும் அந்த ஆத்திரம் இருவருக்கும் பொது என்றே நம்புகிறேன்.

உங்கள் இன்னொரு கேள்வியை மறந்தேபோனேன். கல்லூரியில் சேர்வதானால் சேருங்கள், 31 ஒன்றும் அதிகமில்லை; சான்றிதழுக்காகச் சேராதீர்கள், சுப்ரமணியனைப் போல ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்துச் சேருங்கள். வங்கி வேலையை விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கீகாரத்தைப் பொறுத்தவரை, மிருணாளினிக்கு 1994இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய தனிக்காட்சி அமைந்தது. நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகத்தில் காட்சி நடந்தபோது ஆண்டு 2019, அவர் மறைந்து நான்கு ஆண்டுகள். இந்தக் கணக்கை வைத்து யாரும் திட்டமிட முடியாது.

மூன்று முறை பிரித்தேன் என்பதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கலைஞர் பேசுவது எனக்குக் கேட்டது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் எந்த வரிசை வரை வந்து நிறுத்தினீர்கள், அங்கே எது பொறுக்கவில்லை, நான்காம் முறை எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் அனுப்புங்கள். ஊதுவத்தித் தாங்கிகளைப் பற்றி இன்னொரு கடிதம் வேண்டாம்.

அன்புடன்.