டர்பனில் கூட்டுறவு கடன் சங்கத்தில் சேமிப்பை வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையிடத்தில் ஒரு கூட்டுறவு சேமிப்புக் கடன் சங்கம் இருக்கிறது. வங்கியைவிட இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் 1,80,000 ராண்டை அங்கே மாற்றிவிடலாமா?

மொத்தத்தையும் மாற்றாதீர்கள். அதற்காகச் சங்கமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நான் பதினோரு வருடமாக இப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினர். அது எங்களைக் கைதூக்கி விட்டதும் உண்டு, தவிக்க விட்டதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே காரணத்தால் நடந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1,80,000க்கு இரண்டு சதவீதம் என்றால் வருடத்துக்கு 3,600 ராண்ட், மாதத்துக்கு 300. இந்த முந்நூறுக்காக எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். வரி ஒரு பிரச்சினை இல்லை. வட்டி வருமானத்தில் வருடத்துக்கு 23,800 ராண்ட் வரை 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரி கிடையாது. உங்கள் தொகையை எங்கே போட்டாலும் வட்டி அதைத் தொடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சரிவில் இருக்கிறது. பின்பக்கத் தடுப்புச் சுவர் ராத்திரியோடு ராத்திரியாக இடிந்து, சமையலறைக்குள் முழங்கால் அளவு சேறு. காப்பீட்டுக்காரர் பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தடுப்புச் சுவர் இதில் வராது என்றார். வங்கியில் கடன் கேட்டதற்கு ஆறு மாத ஸ்டேட்மென்டும் இன்னும் என்னென்னவோ தாள்களும் கேட்டார்கள். சங்கத்தில் வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அக்கா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்து சுவரைப் பார்த்தார். திங்கட்கிழமை 40,000 ராண்ட் கணக்கில் இருந்தது.

அதே வருடக் கடைசியில் என் மாமியாருக்குக் கண்புரை அறுவை. அதற்கென்றே மனைவி தன் பெயரில் 60,000 ராண்டைச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தார். விதிப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்தோம். முப்பதாம் நாள் போனால், கையில் பணம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம் என்றார்கள். முழுசாக வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அறுவைக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கினோம். அந்த ஐந்து மாதமும் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் என்னை நம்பித்தான் அவர் அங்கே போட்டார்.

யாரும் திருடவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. வெள்ளத்தில் அடிபட்ட உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் கடன் கேட்டார்கள், சங்கமும் கொடுத்தது. அதே ஆட்கள்தான் அவசரத்துக்குச் சேமிப்பையும் எடுத்தார்கள். சொல்லப்போனால் என் மனைவியின் பணம்தான் என் வீட்டுச் சுவரில் கல்லும் சிமெண்டுமாக நின்றுகொண்டிருந்தது.

கடன் சங்கம் என்றாலே உறுப்பினர்களுக்குள் ஒரு பொதுப் பிணைப்பு இருக்கவேண்டும் என்று இங்கே சட்டம் எதிர்பார்க்கிறது. ஒரே வேலையிடம், ஒரே ஊர், ஒரே தேவாலயம், ஒரே தொழிற்சங்கம், இப்படி ஏதாவது ஒன்று. ஆளைத் தெரிந்து கடன் கொடுப்பதால் வாராக்கடன் குறையும் என்பது கணக்கு. அது உண்மைதான். ஆனால் ஒரே மழை எல்லார் வீட்டிலும் பெய்யும். உங்களுடையது வேலையிடச் சங்கம். கம்பெனி நாளைக்கு ஆட்குறைப்பு செய்தால் கடன் வாங்கியவரும் கட்டமுடியாது, சேமித்தவரும் எடுக்க ஓடிவருவார், உங்கள் சம்பளமும் அதே நாளில் நின்றிருக்கும். பெரிய வங்கிக்கு டர்பனில் நஷ்டம் என்றால் ஜொஹானஸ்பர்க்கிலிருந்து பணம் வரும். சங்கத்துக்கு எங்கிருந்து வரும்?

என் அப்பா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர், நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்கள். அங்கே சீட்டுப் பிடித்தவர் ஏமாற்றிவிட்டு எங்கே போவார், பக்கத்துச் சுவருக்குப் பின்னால்தானே படுக்கிறார் என்பார். அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்துப் போட்டார்கள். இப்போது எங்கள் சங்கத்து உறுப்பினர்களில் பாதிப் பேரின் முகமே எனக்குத் தெரியாது. போன வருடாந்தரக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர், அதில் நான்கு பேர் பிரியாணிக்கு வந்தவர்கள்.

இனி முக்கியமான விஷயம். 2024 ஏப்ரல் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கீழ் அதற்கென்று ஒரு அமைப்பு, அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் 'கோடி' என்று வரும். பெயரில்தான் கோடி, கிடைப்பது லட்சம்தான்: ஒரு வங்கி விழுந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு அதிகபட்சம் 1,00,000 ராண்ட். வணிக வங்கிகளும், உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் மியூச்சுவல் வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் இதில் வரும். ஆனால் கடன் சங்கம் எல்லாமே கூட்டுறவு வங்கி இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 'கூட்டுறவு வங்கி' என்று பதிவானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவை 'கூட்டுறவு நிதி நிறுவனம்' என்ற படியில் நிற்கின்றன. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு அவற்றின் மேலும் உண்டு, ஆனால் இந்தக் காப்பீடு கிடையாது. பலர் 'ரிசர்வ் வங்கியில் பதிவு' என்ற வரியைப் பார்த்ததும் எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் சங்கத்துச் சுவரிலும் அப்படி ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. பத்து வருடம் அதன் கீழே வரிசையில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை.

காப்பீடு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு விபிஎஸ் மியூச்சுவல் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் அதை ரிசர்வ் வங்கி தன் பொறுப்பில் எடுத்தபோது, கிட்டத்தட்ட 200 கோடி ராண்ட் சுருட்டப்பட்டிருந்தது. லிம்போபோ மாகாணத்தில் ஸ்டோக்வெல் (நம் சீட்டு மாதிரி கூட்டுச் சேமிப்பு) பணத்தையும் ஈமச் சங்கப் பணத்தையும் அங்கே போட்டிருந்த கிழவிகள் கிளை வாசலில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் அரசாங்கம் ஆளுக்கு 1,00,000 ராண்ட் வரை தந்தது. சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல, அரசாங்கமாகப் பார்த்துக் கொடுத்தது.

ஆகவே சங்கத்துக்குப் போய் வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் 'வங்கி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தணிக்கையான கடைசி வருடக் கணக்கு, அதில் மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நிற்கும் கடன் எவ்வளவு என்ற எண். நீங்கள் உறுப்பினர் ஆகப்போகிறவர், கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'கணக்கு இன்னும் ரெடியாகவில்லை' என்று இழுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இன்னொன்று: கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பங்கு, எவ்வளவு வைப்பு என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பங்கு என்பது நீங்கள் முதலாளியாகப் போடும் பணம். நஷ்டம் வந்தால் முதலில் கரைவது அதுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சங்கத்தில் 20,000 போடுவேன். கடன் வாங்கும் தகுதிக்கு அது போதும், எங்கள் சங்கத்தில் சேமிப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தருகிறார்கள். மூன்று மாதச் செலவுக்கானது வங்கியில், நினைத்தபோது எடுக்கிற கணக்கில். மீதிக்கு அரசாங்கம் தனிநபர்களுக்கு விற்கிற சில்லறைச் சேமிப்புப் பத்திரம், 1,000 ராண்டிலிருந்து வாங்கலாம், இரண்டு, மூன்று, ஐந்து வருடம் என்று இருக்கிறது. முதல் பன்னிரண்டு மாதம் கைவைக்க முடியாது, அதன்பின் அபராதத்தோடு எடுக்கலாம்.

என் மனைவி இப்போதும் சங்கத்தில் உறுப்பினர்தான். மாதம் 200 ராண்ட் போடுகிறார், அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. போன மாதம் அந்தச் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து, வட்டியை ஏற்றியிருக்கிறோம், நிரந்தர வைப்பு போடுகிறாயா என்று கேட்டார். மனைவி அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்.